கை கட்டும் இடம்

என் தம்பி ஹம்தம் முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவன். அவன் வாழ்க்கையில் படித்த ஒரே புத்தகம் லாரியோடு வந்த கையேடு. அதிலும் கடைசிப் பக்கங்களை எலி தின்றுவிட்டது. அப்பேர்ப்பட்டவனை எங்கள் மஹல்லா ஆண்கள் மூன்றே வாரத்தில் பெரிய மார்க்க மேதை ஆக்கிவிட்டார்கள். மேதை என்றால் மரியாதைக்குரிய மேதை இல்லை, பார்த்துப் பயப்பட வேண்டிய மேதை. எங்கள் ஊர் கோகந்தில் வேலைவெட்டி இல்லாத ஆண்கள் அதிகம் என்று நான் சொன்னால் மட்டும் எல்லோருக்கும் கோபம் வருகிறது.

நான் சலோமத். பாலிகிளினிக்கில் முப்பது வருஷம் ஊசி போட்டேன். ஓய்வு பெற்ற பிறகு வீடு வீடாகப் போய்ப் போடுகிறேன். தெருவில் மீசையை முறுக்கிக்கொண்டு போகிற எவனும் என் முன்னால் ஒரு தடவையாவது கண்ணை மூடிப் பல்லைக் கடித்தவன்தான். அதனால் எனக்கு இங்கே யாரிடமும் பயம் கிடையாது. ஆனால் ஹம்தமின் மகள் முவத்தர் விஷயத்தில் மட்டும் அந்த மூன்று வாரமும் பயந்தேன்.

நடந்தது இதுதான். ஹம்தம் காலமெல்லாம் தாஷ்கந்த் கணவாயில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவன். தொழுகை நேரம் வந்தால் லாரியை ஓரம்கட்டி, சக்கரத்துக்குப் பக்கத்தில் துணியை விரித்துத் தனியாகத் தொழுதுவிட்டுக் கிளம்புவான். வீட்டில் இருக்கிற நாலு நாளில் தூங்கவே நேரம் போதாது, பள்ளிவாசலுக்கு எங்கே போவது? இந்த இலையுதிர் காலத்தில்தான் ஓய்வு பெற்றான். மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறானே என்று நான்தான் சொன்னேன், போய் ஜமாஅத்தோடு தொழு, நாலு மனுஷ முகத்தைப் பார் என்று. என் வாயை நானே தைத்துக்கொண்டிருக்கலாம்.

அவனுக்கு மூன்றாம் வரிசையில் அடுப்புக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பக்கத்து இடம் நேமத் வாத்தியாருடையது. நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுத்தவர். எந்தக் குடுவையில் எத்தனை சொட்டு விழுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண், தொழுகையிலும் சும்மா இருக்குமா? ஸஜ்தாவில் நெற்றி வைக்கிற இடத்தைப் பார்க்க வேண்டிய கண் பக்கத்து ஆளைப் பார்த்தது.

முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். தொழுகை தொடங்கும்போது எங்கள் ஊர் ஆண்கள் கையைக் காது மடல் வரைக்கும் தூக்குவார்கள். ஹம்தம் தோளோடு நிறுத்திக்கொண்டான். கையைத் தொப்புளுக்குக் கீழே கட்ட வேண்டியவன் நெஞ்சின் மேல் வைத்தான். கடைசி இருப்பில் இடது காலின் மேல் உட்காராமல், இரண்டு காலையும் வலப்பக்கம் தள்ளித் தரையில் உட்கார்ந்தான். வாத்தியார் வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்கத் தொலைபேசியைத் தடவித் தேடியிருக்கிறார். தோள்வரை தூக்குவது இன்ன இமாமின் சொல், நெஞ்சில் கட்டுவது இன்னாருடைய வாதம், அப்படி உட்காருவது இன்ன மத்ஹப் என்கிற சட்டப் பிரிவின் வழக்கம் என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் தாளை விரித்தாராம். "ஒண்ணு தப்பா இருந்தா அது அறியாமை. மூணும் ஒரு கணக்கா தப்பா இருந்தா அது படிப்பு. இவன் எங்கேயோ உக்காந்து படிச்சிருக்கான்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வெளிநாட்டு வழியில் தொழுகிறவன் என்றால் எங்கள் அரசாங்கத்துக்கு உடனே தீவிரவாதியோ என்று சந்தேகம் வரும். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. லாரியில் எங்கெங்கே போனான், யாரைச் சந்தித்தான் என்று ஆளாளுக்குக் கதை கட்டினார்கள். ரஷ்யா வரைக்கும் தக்காளி ஏற்றிக்கொண்டு போனவனை அரபு நாடு வரைக்கும் அனுப்பிவைத்தார்கள். இன்னொரு பக்கம், இரண்டு வாலிபர்கள் ஹம்தமின் வீட்டுக்கே வந்து, ருகூவில் குனிந்து எழும்போது மறுபடியும் கையைத் தூக்க வேண்டுமா கூடாதா, நீங்கள் எந்த ஆதாரத்தை எடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று இவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். எவ்வளவு அடக்கம் பார் என்று மெய்சிலிர்த்துப் போனார்கள். நடுவில் இவன் ஒருவன்தான் விஷயம் புரியாமல், இந்த மஹல்லாவில் திடீரென்று எல்லோரும் ஏன் நமக்கு ஸலாம் சொல்கிறார்கள் என்று சந்தோஷமாக இருந்தான்.

இதெல்லாம் என் காதுக்கு வந்தபோது சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் முவத்தருக்குப் பேசி முடித்த இடம் வாசித்தின் வீடு. வாசித், காய்ந்த ஆப்ரிகாட் வியாபாரி. அவர் மகன் இல்ஹோம் பல் கட்டுகிறவன். முவத்தர் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வாரத்தில் நாலு நாள் பஞ்சு வாங்க வருவான். ஒரு ஊருக்கே வாயடைக்கிற அளவுக்குப் பஞ்சு வாங்கிய பிறகுதான் வீட்டில் வாய் திறந்திருக்கிறான். அடுத்த வாரம் ரொட்டி உடைத்து நிச்சயம் செய்வதாக இருந்தது. இரண்டு ரொட்டியை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பெரியவர் ஒருவர் உடைத்துவிட்டால் அதற்குமேல் எங்கள் ஊரில் யாரும் பின்வாங்க முடியாது.

ரொட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது வாசித்தின் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள், கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று. காரணம் கேட்டதற்கு, உங்கள் தம்பி எந்த வழிக்காரர் என்று தெரியாமல் எப்படி என்று இழுத்தார்கள். வாசித்தின் அண்ணன் அரசாங்க அலுவலகத்தில் பெரிய இடத்தில் இருக்கிறவர். சம்பந்தி வீட்டுக் கை எங்கே இருக்கிறது என்பது அவருடைய நாற்காலிவரைக்கும் போய்ச் சேரும் விஷயமாம்.

முவத்தருக்கு இருபத்தாறு வயது. இதற்கு முன் இரண்டு இடம் வந்து கலைந்திருக்கிறது, அப்போதெல்லாம் தோளைக் குலுக்கிவிட்டு வேலைக்குப் போனவள். இந்தத் தடவை சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, இவர் இல்லேன்னா எனக்கு வேற யாரும் வேண்டாம். அப்பாகிட்ட என்னன்னு கேளுங்க. நான் கேட்டா அவர் உடைஞ்சு போயிடுவார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சண்டை போடுவதற்கு முன்னால் விஷயம் தெரிய வேண்டாமா? எனக்கு ஆண்கள் தொழுகையைப் பற்றி என்ன தெரியும்? பள்ளிவாசலுக்குள் நான் போனதில்லை. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் கால்பந்துக்கு முன்னால் மட்டும்தான் பக்தியோடு உட்கார்ந்தார். ஹம்தம் தொழுவதை வீட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை.

நல்ல வேளையாக எங்கள் இமாம் லுத்ஃபுல்லாவுக்குத் தோள்வலி. முப்பது வயதுப் பிள்ளை, பத்து நாள் ஊசி எழுதிக்கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு ஆறாவது ஊசி. அவர் மனைவி பக்கத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஊசியைக் கையில் பிடித்தபடி, தொழுகையில் கையை எங்கே கட்டுவது என்று கேட்டேன்.

அவர் எதையும் ஒரே பதிலாகச் சொல்லுகிற ஆள் இல்லை. யாரும் மனம் நோகக் கூடாது என்பது அவர் கொள்கை. தொப்புளுக்குக் கீழே என்பது நம் மத்ஹப், தொப்புளுக்கு மேலே நெஞ்சுக்குக் கீழே என்பவர்கள் உண்டு, நெஞ்சின் மேல் என்பவர்களும் உண்டு, கட்டவே வேண்டாம் தொங்கவிடலாம் என்று தூரத்து நாடுகளில் தொழுகிற கூட்டமும் உண்டு என்றார். கையைக் காதுவரை தூக்குவதற்கும் ஆதாரம் இருக்கிறது, தோள்வரை தூக்குவதற்கும் இருக்கிறது என்றார். எல்லோருமே பெரியவர்கள், யாருடைய தொழுகையும் இதனால் கெட்டுப்போவதில்லை என்றும் சொன்னார். கண் மட்டும் ஊசி முனையை விட்டு நகரவில்லை.

"அப்போ நெஞ்சில கட்டறவங்க நம்ம ஊர்ல யாருமே கிடையாதா?"

"ஏன் இல்ல, சலோமத் அக்கா? நீங்களே அப்படித்தான கட்டுவீங்க. நம்ம மத்ஹப்ல பெண்களுக்குத் தோள்வரைக்கும் தூக்கி நெஞ்சில வைக்கறதுதான் வழக்கம். உக்காரறதும் ரெண்டு காலையும் வலப்பக்கமா விட்டு."

ஊசியைக் குத்தாமலே அப்படியே நின்றுவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார், பாவம். அது கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலம், தொழுவது தெரிந்தால் வேலை போய்விடும். எங்கள் அப்பா கூட்டுப்பண்ணையில் கட்சிக்காரர். தொழத் தெரியாது, தெரிந்தாலும் தொழ மாட்டார். எங்களுக்குத் தொழுகை சொல்லித் தந்தவள் அம்மா. மாவு மூட்டை அடுக்கி வைத்திருக்கும் சின்ன அறையில், ஜன்னலுக்குப் போர்வை கட்டி, என்னையும் ஹம்தமையும் இரண்டு பக்கமும் நிறுத்திக்கொள்வாள். அவள் எப்படிச் செய்தாளோ அப்படி நாங்கள் செய்தோம். ஆண் பிள்ளைக்கு வேறு மாதிரி என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

இமாமுக்கு ஊசியைப் போட்டுவிட்டு ஹம்தமின் வீட்டுக்கு ஓடினேன். அவன் அடுப்பில் ஷோர்பா சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தான். கரண்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு, தொழுகைக்கு நிற்கிற மாதிரி தக்பீர் கட்டு பார்க்கலாம் என்றேன். கட்டினான். கை தோளுக்கு வந்து நெஞ்சில் இறங்கியது. விரல்கள் சேர்ந்து, தலை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, என் அம்மா அப்படியே ஆறடி உயரத்தில் மீசை வைத்துக்கொண்டு நின்றாள். நான் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு நிற்பதற்கு முன்னால் அழுகையும் வந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் விழுந்துவிட்டது. மற்றவர்கள் கீழே கட்டுவதை நீ பார்க்கவே இல்லையா என்று கேட்டேன்.

"பார்த்தேன் அக்கா. அவங்களுக்கெல்லாம் தொப்பை. மேல வைக்க முடியாம கீழ எறக்கிக்கறாங்கன்னு நெனச்சேன்."

நேராகப் போய் உண்மையைச் சொல்லிவிட்டால் வாசித் வீட்டுப் பயம் இன்றைக்கே போய்விடும் என்றேன். அவன் பதறிக் குதித்தான். ஐம்பது வருஷம் பெண்பிள்ளை மாதிரித் தொழுதேன் என்று நேமத் வாத்தியாரிடம் போய்ச் சொல்ல வேண்டுமா, கணவாயில் இருக்கிற அத்தனை டிரைவர்களும் ஹாரன் அடித்துச் சிரிக்க மாட்டார்களா என்றான். அதைவிட நான் அரபு நாட்டுக்காரனாகவே இருந்துவிடுகிறேன் என்றான். ஆண்களுக்கு ஆபத்தானவன் என்று பேர் வாங்குவதில் வெட்கமில்லை, அம்மாவிடம் கற்றுக்கொண்டேன் என்று சொல்வதில்தான் வெட்கம். என் தம்பியாக இருந்தாலும் நான் அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னேன்.

சத்தமில்லாமல் மாற்றிக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்தான். வெள்ளிக்கிழமை கையைக் கஷ்டப்பட்டுக் கீழே இறக்கிக் கட்டினானாம். கையைக் கவனித்ததில் எத்தனை ரக்அத், அதாவது எத்தனை சுற்று, தொழுதோம் என்பது மறந்துவிட்டது. இரண்டாவது ரக்அத்தில் கை தானாக ஏறி நெஞ்சுக்கு வந்தது, இவன் இறக்கினான், அது மறுபடி ஏறியது. நேமத் வாத்தியார் டீக்கடையில் புதுத் தாளை விரித்தார். முன்பு வெளிப்படையாகச் செய்ததை இப்போது மறைக்கப் பார்க்கிறான், கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றார். அன்று மாலையே வாசித்திடமிருந்து ஆள் வந்தது. வியாழக்கிழமை இமாமையும் வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு டீ குடிக்க வருகிறாராம். நேரில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, ரொட்டி உண்டா இல்லையா என்று அன்றைக்கே முடிவு சொல்லிவிடுவாராம்.

வியாழக்கிழமை முவத்தர் காலையிலிருந்து இரண்டு ரொட்டியைத் துணியில் சுற்றிச் சமையலறையில் வைத்திருந்தாள். வேண்டாமென்று போய்விட்டால் நான் இதைக் கோழிக்குப் போட்டுவிடுவேன் என்றாள். நான் டீக்கெண்டியை எடுத்துக்கொண்டு விருந்தாளிகள் இருந்த அறைக்குப் போனேன். பரிமாறிவிட்டு வெளியே வர வேண்டியவள், வரவில்லை. என்னை வெளியே போ என்று சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

வாசித் தடித்த, பயந்த மனிதர். ஆப்ரிகாட்டைப் பற்றி, குளிரைப் பற்றி, பெட்ரோல் வரிசையைப் பற்றியெல்லாம் பேசினார். வாத்தியார் தாளைச் சட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடைசியில் வாசித் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ஹம்தம் அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குத் தொழுகை சொல்லிக்கொடுத்த உஸ்தாத் யாரு? பேரை மட்டும் சொல்லுங்க."

ஹம்தம் என்னைப் பார்த்தான். நான் டீக்கெண்டியைத் தூக்கினேன். என் வாயால் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான். ஆனால் சமையலறைக் கதவிடுக்கில் முவத்தரின் நிழல் அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். லாரி மேட்டில் ஏறுவதற்கு முன் மூச்சு வாங்குவதுபோல ஒரு மூச்சு இழுத்தான்.

"எங்கம்மா," என்றான். "பேரு ஹூரினிசா. மாவு மூட்டை ரூம்ல சொல்லிக்கொடுத்தாங்க. அவங்க கட்டின மாதிரி கட்டினேன். அது பொம்பளைங்க கட்டறதுன்னு எனக்குப் போன வாரம் வரைக்கும் தெரியாது."

இமாம் புரிந்துகொண்டு சிரிப்பை அடக்கத் தாடியைப் பிடித்துக்கொண்டார். நேமத் வாத்தியார் அடக்கவில்லை. தொடையில் தட்டிச் சிரித்தார். சரி, என் தம்பியின் கதை நாளைக் காலை ஊரெல்லாம் நாறும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வாசித் சிரிக்கவில்லை.

"எத்தனை வயசுல?"

"எட்டு வயசுல."

வாசித் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார்.

"எனக்கு ஒம்போது வயசு. கம்யூனிஸ்ட் பையன்கள் கட்டற சிவப்புக் கழுத்துத்துணி கட்டிக்கிட்டு முதல் வரிசையில உக்காந்திருப்பேன். வகுப்புல வாத்தியார் கேட்டாரு, யார் வீட்டுல தொழறாங்க, கை தூக்குங்கன்னு. நான் தூக்கினேன். கெட்டிக்காரப் பையன் இல்லையா, எதுக்குக் கேட்டாலும் தூக்குவேன். அப்பாவுக்குக் கிட்டங்கி வேலை போச்சு. அதுக்கப்புறம் எங்கம்மா நான் வீட்டுல இருக்கறப்ப தொழுததே இல்ல. நான் வெளிய போனா உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்குவாங்க. சாகறவரைக்கும் அப்படித்தான்." கிண்ணத்தைத் திருப்பி வைத்தார். "அவங்க முக்காடு ஞாபகம் இருக்கு. விரிப்போட நிறம் ஞாபகம் இருக்கு. கை எங்க இருந்துச்சுன்னு மட்டும் எவ்வளவு யோசிச்சாலும் வரமாட்டேங்குது."

எங்கள் மஹல்லாவில் அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே புதிதாக வந்த இளம் வாத்தியார் யார் என்று எனக்குத் தெரியும், இமாமுக்குத் தெரியாது. நேமத் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. வாசித் அவர் பெயரைச் சொல்லவே இல்லை, கடைசிவரைக்கும்.

"அண்ணே," என்றார் வாசித், "உங்கம்மா கட்டினதை எனக்கு ஒரு தடவை காட்டுங்க."

ஹம்தம் எழுந்தான். இந்தத் தடவை வெட்கப்படவில்லை. கையைத் தோள்வரை மெதுவாகத் தூக்கி, நெஞ்சின் மேல் வைத்தான். பிடிக்காமல், இடக்கையின் மேல் வலது உள்ளங்கையை வெறுமனே வைத்தபடி. தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டான். வாசித் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இமாமுக்கு ஏதோ சொல்ல வந்தது, இருபக்கத்து ஆதாரமும் நாக்கு நுனிவரைக்கும் வந்திருக்கும். நல்ல பிள்ளை, விழுங்கிவிட்டார்.

சாயங்கால அஸர் தொழுகைக்கு நேரம் ஆகிவிட்டது. பள்ளிவாசலுக்குப் போக நேரமில்லை, இங்கேயே தொழுதுவிடலாம் என்று இமாம் எழுந்தார். நான் விரிப்பைப் போட்டுவிட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். முவத்தர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஆண்கள் தொழுவதை இப்படிப் பார்க்கக் கூடாதுதான். அன்றைக்குப் பார்த்தோம்.

இமாம் முன்னால் நின்று தக்பீர் சொன்னார். பின்னால் மூன்று பேர் ஒரே வரிசையில் நின்றார்கள். ஹம்தம் கையைக் காதுவரை தூக்கி, சிரமப்பட்டு, ஊர் வழக்கப்படி கீழே இறக்கிக் கட்டினான். வாத்தியார் வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் ஸஜ்தா இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். நடுவில் நின்ற வாசித்தின் கை தோளோடு நின்றது. அங்கிருந்து இறங்கி, நெஞ்சில் போய் உட்கார்ந்தது.

அஸரில் சத்தமாக ஓதுவதில்லை. அந்த அமைதியில் அந்தப் பெரிய உடம்பு குலுங்குவது எங்களுக்குக் கதவிலிருந்தே தெரிந்தது. முவத்தர் என் காதில் ரொட்டியைக் கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். இருடி, அந்த மனுஷன் அவங்கம்மாகூட நிக்கிறார், முடிச்சிட்டு வரட்டும் என்றேன்.